சூடேறிய வண்டியும் ஈரத் துவர்த்தும்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை வாயிலுக்கு அருகில் பழவங்காடி என்னும் இடம் உள்ளது. அங்காடி என்னும் நம் பழந்தமிழ்ச் சொல் அந்தப் பெயருக்குள் இன்றும் உயிரோடு இருக்கிறது. எதிரே சாலைக் கடைத்தெரு. சற்று உள்ளே பத்மநாபசுவாமி கோயில். முன்னால் ஓயாத போக்குவரத்து. இவற்றிற்கு நடுவே அமைந்திருக்கிறது கணபதி கோயில். திருவிதாங்கூரின் நாயர் படையினர் பத்மநாபபுரத்தில் வழிபட்டு வந்த இக்கணபதியை, தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியபோது தம்முடன் கொண்டுவந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. இக்கோயிலை இன்று நிர்வகித்து வருவது இந்திய இராணுவம். பத்மநாபபுரமோ 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தொடங்கித் தமிழ்நாட்டின் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே, இந்தப் பிள்ளையாரும் ஒருவகையில் நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்து குடியேறியவர்தாம்.

இக்கோயிலின் முதன்மையான நேர்ச்சை தேங்காய் உடைத்தல். புது வண்டி வாங்கியவரும், நெடும்பயணம் புறப்படுபவரும், நல்ல காரியமாக வெளியூரிலிருந்து நகருக்குள் வருபவரும் இங்கே வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் போவது வழக்கம். பத்து நிமிடம், மிஞ்சினால் இருபது நிமிடம். அந்தச் சிறிய இடைவேளையைப் பற்றியே இங்குப் பேச எண்ணுகிறேன். ஏனெனில், பழைய மோட்டார் வண்டி ஒன்றை அடம்பிடிக்கச் செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான கால அளவு வேறில்லை.

1991ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். என் தமக்கைக்கு நகரத்தின் வடபுறத்தே ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. நாகர்கோவிலிலிருந்து பழைய வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டோம். ஏறத்தாழ 65 கிலோமீட்டர். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை எல்லாம் கடந்து வண்டி ஒரு குறையுமின்றி ஓடிவந்தது. பழவங்காடியில் நிறுத்தினோம். தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பி வந்து ஏறினால், வண்டி கிளம்பவில்லை. செல்ஃப் சுழலும் ஓசை கேட்டது. ஆனால் இயந்திரம் பற்றிக்கொள்ளவில்லை.

ஓட்டுநர் இறங்கி முன்மூடியைத் திறந்தார். தோளில் கிடந்த துவர்த்தைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தார். “பத்து நிமிஷம் பொறுக்கணும் அண்ணாச்சி. வண்டியில குத்தமில்ல; சூட்டுல குத்தம்” என்றார். என் தந்தையார் அவசரத்தில் இருந்தார். “அதெல்லாம் வேண்டாம். ஏறி உக்காந்து நல்லா மிதிச்சு மிதிச்சு அடியும்” என்றார். ஓட்டுநர் ஒரு கணம் தயங்கினார். பிறகு ஏறி அமர்ந்து மிதித்தார். பெட்ரோல் வாடை கிளம்பியதேயன்றி வண்டி கிளம்பவில்லை. இறுதியில் ஆட்டோ பிடித்துச் சென்றோம். போய்ச் சேர்ந்தபோது தமக்கையின் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். அன்று மாலை என் தந்தையார் பேசிய வாடகையில் பாதியைத்தான் கொடுத்தார். ஓட்டுநர் அதை எண்ணிப் பாராமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “ஓட்டை வண்டியைக் கொண்டுவந்து பிள்ளையின் வேலையைக் கெடுத்தவன்” என்னும் பேச்சு எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் நின்றது.

“சூட்டில் குற்றம்” என்று அவர் சொன்னது சாக்குப்போக்கா, உண்மையா? இவ்வினாவிற்கு விடை தேட எனக்கு நெடுங்காலம் பிடித்தது. நான் இயந்திரக் கலை பயின்றவனல்லன், கலைப் பட்டதாரி, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். நூல்களைப் புரட்டியும், பட்டறைகளில் நின்று கேட்டும் அறிந்துகொண்டதை, வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்களுள் பலர் இத்தகைய வண்டிகளில் ஊருக்கு வந்து போனவர்கள்; சிலர் அவற்றை ஓட்டிப் பிழைத்தவர்கள்; இன்னும் சிலர் தந்தையின் நினைவாகப் பழைய கார் ஒன்றைத் துடைத்துப் பாதுகாத்து வருபவர்கள்.

கதை 1886ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜனவரியில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமம் கோரி விண்ணப்பித்தார். பெட்ரோல் நீர்மமாக இருக்கும்வரை எரிந்து இயந்திரத்தை உந்தாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தாக வேண்டும். இக்கலவையை உண்டாக்கும் உறுப்பே கார்புரேட்டர். பென்ஸின் வண்டியில், திறந்த பரப்பிலிருந்து எரிபொருள் தானாகவே ஆவியாகக் காற்று அதன்மேல் தவழ்ந்து செல்லும். 1888ஆம் ஆண்டு அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு இவ்வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் வாங்கி நிரப்பினார்; எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மோட்டார் வண்டியின் வரலாற்றில் முதல் வழியோர வைத்தியம் இதுவெனலாம்.

1893ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மைபாக் என்பார் தூவும் முறையிலமைந்த கார்புரேட்டரை உருவாக்கினார். ஒரு சிறு கிண்ணத்தில் மிதவையின் உதவியால் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். இயந்திரம் உறிஞ்சும் காற்று குறுகிய கழுத்து வழியே விரைந்து போகையில், அந்தக் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை நுண்துளை வழியே இழுத்துத் தூவிக்கொண்டு செல்லும். அடுத்த நூறாண்டுகளில் உலகெங்கும் ஓடிய பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் இக்கருத்தின் பிள்ளைகளே.

இங்கே ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ளவேண்டும். மோட்டார் வண்டியை வளர்த்தெடுத்தவை குளிர்நாடுகள். அங்கே அக்காலப் பொறியாளர்களுக்கு இருந்த கவலை பெட்ரோல் ஆவியாகவில்லையே என்பதுதான். எளிதில் ஆவியாகிவிடுகிறதே என்பதன்று. பனிக்காலத்தில் கார்புரேட்டரின் கழுத்தில் பனிக்கட்டியே படிந்துவிடும். ஆகவே, கலவை செல்லும் குழாயைப் புகை வெளியேறும் குழாயோடு ஒட்டிவைத்து, அதன் வெப்பத்தால் கலவையைச் சூடேற்றினார்கள். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசடரைத் திறந்து பார்த்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். சென்னையில் 1961ஆம் ஆண்டுமுதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் அப்படியே: கார்புரேட்டரும் சூடான புகைக்குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும். குளிர்நாட்டில் அது வரம். நம் நாட்டுச் சித்திரை வெயிலில் அதுவே வினை.

அந்த வினை செயல்படும் விதம் யாது? பெட்ரோல் என்பது ஒரே பொருளன்று. பல நீர்மங்களின் கலவை. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது என்பது பள்ளிப் பாடம். பெட்ரோலிலுள்ள மென்மையான பகுதிகளோ 35, 40 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கனமான பகுதிகள் 200 பாகை அளவில்தான் முடியும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை விசிறி காற்றை வீசுகிறது. ராடியேட்டரில் தண்ணீர் சுழல்கிறது. தொட்டியிலிருந்து புதிய, குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. எனவே தொல்லை இல்லை. சாவியைத் திருப்பி நிறுத்தியதும் இம்மூன்றும் ஒருசேர நின்றுவிடுகின்றன. ஆனால், இயந்திரத்தின் இரும்புப் பிழம்பில் தேங்கிய வெப்பம் நிற்பதில்லை. அது மெல்ல மெல்ல வெளிப்பட்டுச் சுற்றியுள்ள உறுப்புகளில் ஏறுகிறது. ஆகவேதான், நிறுத்திய பிறகு பத்து இருபது நிமிடம்வரை கார்புரேட்டரின் சூடு குறைவதற்கு மாறாக ஏறிக்கொண்டே போகிறது. அடுப்பை அணைத்த பின்னும் இட்லிப் பானைக்குள் வேக்காடு தொடர்வதைப் போல என்று கொள்ளலாம்.

நிறுத்திய மறுகணமே சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும். ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பினாலும் கிளம்பும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் மறுக்கும். இந்நோயின் அடையாளம் இதுவே. ஒரு தேங்காய் உடைக்கும் நேரம், ஒரு தேநீர் அருந்தும் நேரம், ஒரு கடையில் பொருள் வாங்கும் நேரம்: இவை யாவும் அந்த இடைவெளிக்குள் கச்சிதமாக அடங்குபவை.

இப்படி மறுக்கும் வண்டிக்கு வந்திருப்பது ஒரே நோயன்று. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நோய்கள். முதலாவது, பெட்ரோல் மிகுதி. கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்துப் பொங்கி, நுண்துளை வழியாக இயந்திரத்துக்குள் வடிந்துவிடுகிறது. அப்போது காற்றுக்கு இடமின்றிக் கலவை கெட்டுவிடும். இரண்டாவது, பெட்ரோல் இன்மை. பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் பம்பு இயந்திரத்தின் விலாவிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அது பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். அங்கே பெட்ரோல் ஆவியாகிவிட்டால், பம்பு அந்த ஆவியைச் சுருக்குவதும் விரிப்பதுமாக வீணே உழைக்குமேயன்றி, நீர்மத்தை முன்னே தள்ளாது. ஆரியங்காவுக் கணவாயிலோ, பொன்முடி ஏற்றத்திலோ பழைய வண்டிகள் ஓடும்போதே திணறி நிற்பதும் இதனால்தான். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. பெட்ரோல் இன்னும் எளிதாகக் கொதிக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துன்பம் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் 1932ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்டு வி-8 வண்டியில் பெட்ரோல் பம்பு இயந்திரத்தின் மேற்புறத்தே, சூட்டின் நடுவே அமைந்திருந்தது. கோடைக்காலத்தில் அது அடிக்கடி இவ்வாறு முரண்டு பிடிக்கும். அந்நாட்டு மக்கள் துணி உலர்த்தும் மரக்கவ்விகளைப் பெட்ரோல் குழாயின் மீது வரிசையாக மாட்டி வைத்தார்கள். வெப்பத்தை அவை உறிஞ்சிவிடும் என்பது நம்பிக்கை. மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகையால் அவற்றால் விளைந்த பயன் சிறிதே. பெரும்பாலும், மாட்டி முடிப்பதற்குள் கழிந்த நேரமே வண்டியைக் குணப்படுத்தியிருக்கும்.

நம்மவர் கையாண்ட ஈரத்துணி அத்தகைய வெறும் நம்பிக்கையன்று. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ, அப்படியே ஈரத்துணியும் வேலை செய்கிறது. நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தான் ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. திருவனந்தபுரம் போன்ற ஈரக்காற்று வீசும் ஊரில் மண்பானை அவ்வளவாகக் குளிர்வதில்லை. ஆனால், தொட்டால் சுடும் பம்பின் மீது போர்த்திய துணியின் ஈரம் அங்கும் விரைவாக ஆவியாகும். நாஞ்சில் நாட்டார் துவர்த்து என்றும் மலையாளிகள் தோர்த்து என்றும் வழங்கும் அந்த மெல்லிய துணி இதற்கு மிகப் பொருத்தமானது. நன்றாக நீரை ஏந்தும்; நன்றாக ஆவியாக விடும். எந்த நிறுவனத்தின் கையேட்டையும் படித்து அந்த ஓட்டுநர்கள் இதைக் கற்கவில்லை. கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவை பெரும்பாலும் முதலாளியின் வீட்டு அலமாரியில் இருந்தன.

திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியபோது வேறொரு வழியில் சென்றது. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் அத்துறையைத் தொடங்கிவைத்தார். லண்டன் நகரப் போக்குவரத்துக் கழகத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்னும் ஆங்கிலேயர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். அன்று அணிவகுத்த பேருந்துகளில் பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. மறுநாள் முதலே திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பேருந்து ஓடத் தொடங்கியது. டீசல் இயந்திரத்தில் கார்புரேட்டர் கிடையாது. டீசலோ 160 பாகை அளவிலிருந்துதான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே, அப்பேருந்துகள் எத்தனை முறை நின்று கிளம்பினாலும் இந்தச் சூட்டு நோய் அவற்றை அணுகவில்லை.

கார்கள் அந்த வழிக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. விடுதலைக்குப் பின் வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-58 வாக்கில் அம்பாசடரைத் தயாரிக்கத் தொடங்கியது. பம்பாயின் குர்லாவில் பிரிமியர் நிறுவனம் ஃபியட் 1100 வண்டியை உருவாக்கி, பின்னாளில் அதற்குப் பத்மினி என்று பெயரிட்டது. சென்னை ஸ்டாண்டர்டையும் சேர்த்து மூன்றே வகைகள்தாம் பல்லாண்டுகள் இந்நாட்டுச் சாலைகளை ஆண்டன. வண்டி வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்த வண்டியை இருபது முப்பது ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும். இதனால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. ஒரே வகை வண்டியை மீண்டும் மீண்டும் பிரித்துப் பூட்டிய பட்டறைக்காரர்களிடம் அதன் குணமெல்லாம் மனப்பாடமாயிற்று. 1980 வாக்கில் டீசல் அம்பாசடர் வந்தபோது வாடகைக் கார்க்காரர்கள் அதை விரும்பி வரவேற்றதற்கு எரிபொருளின் விலைதான் முதற்காரணம். ஆயினும், இந்தச் சூட்டுத் தொல்லை ஒழிந்ததும் அவர்களுக்குச் சிறிய ஆறுதலன்று.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்வதை ஆங்கில நூல்கள் ‘வேப்பர் லாக்’ என்கின்றன, அதாவது ஆவியடைப்பு. நம் பட்டறைகளிலோ இதையும் ‘ஏர் லாக்’ என்றே சொல்வார்கள், அதாவது காற்றடைப்பு. டீசல் வண்டிகளில் காற்றடைப்பு என்பது உண்மையான நோய். குழாயில் எங்கேனும் கசிவு ஏற்பட்டுக் காற்று புகுந்தால் வண்டி நின்றுவிடும். அதற்கு மருந்து, கசிவை அடைத்துக் காற்றை வெளியேற்றுவது. ஆவியடைப்பிற்குக் காரணம் கசிவன்று, வெப்பம். அதற்கு மருந்து குளிர்ச்சி. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தமையால், இளம் மெக்கானிக்குகள் பலர் இல்லாத கசிவைத் தேடி இணைப்புகளை இறுக்கி இறுக்கியே நாளைக் கழித்தார்கள். சொல் பிழைத்தால் வைத்தியமும் பிழைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, நிற்கும் வண்டியை வழியில் கிளப்பும் முறையைக் காண்போம். முதலில் முகர்ந்து பார்க்கவேண்டும். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் நோய் மிகுதியைச் சேர்ந்தது. அப்போது சோக்கை இழுக்கவே கூடாது. ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாகத் தரைவரை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃபைச் சுழற்றவேண்டும். இப்படிச் செய்தால் காற்றுவழி முழுவதும் திறந்து, தேங்கிய பெட்ரோலைக் காற்று அடித்துச் சென்றுவிடும். கரும்புகையோடு இயந்திரம் பற்றிக்கொண்டதும் மெல்லக் காலை எடுக்கலாம். மறந்தும் விட்டு விட்டு மிதிக்கலாகாது. ஏனெனில், ஒவ்வொரு மிதிப்புக்கும் கார்புரேட்டரிலுள்ள சிறு பம்பு இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும், நோய் முற்றும்.

வாடையே இல்லையென்றால் நோய் இன்மையைச் சேர்ந்தது. முன்மூடியைத் திறந்துவைத்து, பம்பின் மீதும் அதற்கு வரும் குழாயின் மீதும் ஈரத்துணியைப் போர்த்திப் பத்து நிமிடம் காத்திருப்பதே வழி. தண்ணீரை வாரி ஊற்றுவது தவறு. சில பழைய பம்புகளில் கசடு தங்கக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கும். திடீர்க் குளிர்ச்சியில் அது விரிசல் விடக்கூடும். பெட்ரோல் எங்கேனும் கசிந்து புகைக்குழாய்மீது சொட்டுவதைக் கண்டால், செல்ஃபைத் தொடாமல் விலகி நின்று ஆறவிட வேண்டும். அங்கே தீப்பற்றும் அபாயம் உண்டு. பெட்ரோலும் ஒழுங்காக வந்து, பின்னும் வண்டி மறுத்தால், பொறி உண்டாக்கும் காயிலையும் கண்டென்சரையும் சோதிக்கவேண்டும். சூட்டில் சோர்ந்து, ஆறினால் உயிர்பெறும் குணம் அவற்றுக்கும் உண்டு. நோய் வேறு, வேடம் ஒன்று.

நிலையான பரிகாரங்களும் சில உண்டு. கார்புரேட்டருக்கும் அதன் கீழுள்ள குழாய்க்கும் இடையே வெப்பம் கடத்தாத பேக்கலைட் போன்ற பொருளாலான தடித்த வில்லையை வைப்பது முதலாவது. புகைக்குழாய்க்கும் கார்புரேட்டருக்கும் நடுவே தகட்டுத் திரை அமைப்பது இரண்டாவது. பெட்ரோல் குழாயைச் சூடான பகுதிகளிலிருந்து விலக்கிக் கொண்டுபோவது மூன்றாவது. மிஞ்சும் பெட்ரோலும் ஆவியும் தொட்டிக்கே திரும்பிச் செல்ல ஒரு மெல்லிய குழாய் அமைத்தால், பெட்ரோல் ஓரிடத்தில் தேங்கிக் கொதிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பம்பின் டயஃப்ரம் தளர்ந்திருந்தால் மாற்றவேண்டும். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறியிருந்தால் மிதவையைச் சரிசெய்யவேண்டும். இவற்றுக்கும் அடங்காவிட்டால், தொட்டியின் அருகே மின்சாரப் பம்பு வைக்கலாம். உறிஞ்சி இழுப்பதற்கு மாறாக அது தள்ளிக்கொண்டு வரும். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. செலவில்லாத பரிகாரமும் ஒன்றுண்டு: வண்டியை நிறுத்தியதும் முன்மூடியைச் சற்றே தூக்கி வைப்பது. கோயில் வாசல்களிலும் தேநீர்க் கடைகளிலும் வாயைத் திறந்துகொண்டு நின்ற பழைய கார்களை நீங்கள் கண்டிருக்கலாம். அவற்றில் பல பழுதாகி நின்றவையல்ல, பழுதாகாதிருக்க நின்றவை.

இந்நோய்க்கு முடிவு கட்டியது புகையைக் கட்டுப்படுத்த வந்த சட்டமே. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800கூடக் கார்புரேட்டர் வண்டியாகவே பிறந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிப் புதிய புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபின், கார்புரேட்டர் படிப்படியாக மறைந்து, மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு வந்தது. அதில் பம்பு தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. குழாயில் பெட்ரோல் எப்போதும் அழுத்தத்தில் நிற்கிறது. அம்பாசடரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. மும்பையில் வாழும் அன்பர்கள் நன்கறிந்த பத்மினி வாடகைக் கார்கள் 2023ஆம் ஆண்டு அக்டோபருடன் அந்நகரச் சாலைகளிலிருந்து விடைபெற்றன.

எனினும், பழைய வண்டிகளைப் பேணுபவர்களுக்குக் கதை முடியவில்லை. பெட்ரோலோடு எத்தனால் என்னும் சாராயப் பொருளைக் கலக்கும் திட்டம் 2022ஆம் ஆண்டில் 10 விழுக்காட்டையும், 2025ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டையும் எட்டிற்று. எத்தனால் தனியே 78 பாகையில்தான் கொதிக்கும். ஆனால், பெட்ரோலோடு சிறிதளவு கலந்தவுடன் இரண்டும் சேர்ந்து முன்னிலும் எளிதாக ஆவியாகும் இயல்பைப் பெறுகின்றன. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் நாட்டிலேயே எரிபொருள் கிடைப்பதில் பொருளாதார நன்மை உண்டு. பழைய கார்களுக்கோ அது சூட்டு நோயைத் தூண்டுவதோடு, பழைய இரப்பர்க் குழாய்களையும் டயஃப்ரத்தையும் அரிக்கவும் செய்கிறது. ஆகவே, அத்தகைய வண்டியை வைத்திருப்பவர்கள் அவற்றை எத்தனாலைத் தாங்கும் புதிய வகைகளாக மாற்றிக்கொள்வது நலம். குழாய் வெடித்தால் தீ. அதில் சிக்கனம் பார்க்கலாகாது.

ஆனால், மாற்றித் தரும் கைகள் எங்கே? பேக்கலைட் வில்லையை எவ்வளவு தடிப்பில் வைக்கவேண்டும், எந்த வண்டியின் குழாயை எந்தப் பக்கமாகத் திருப்பவேண்டும் என்று அறிந்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதச் சொல்லி எவரும் கேட்கவுமில்லை. நம் நூலகங்களில் மோட்டார் வண்டியின் பெருமையைப் பேசும் நூல்கள் உண்டு. குளிர்நாட்டிற்கென்று செய்த இயந்திரத்தை நம் வெயிலில் அரை நூற்றாண்டு ஓடவைத்தவர்களின் அறிவு மட்டும் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் ஊரிலோ, நீங்கள் குடியேறிய நகரிலோ, அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தால், அருகில் அமர்ந்து அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் சொன்னால் தமிழில். கலப்பு மொழியில் சொன்னால் அவர் சொன்னபடியே.

என் தந்தையார் இன்று இல்லை. தமக்கை வேறு வேலையில் சேர்ந்து, ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். சென்ற ஆண்டு அவரிடம் இவற்றையெல்லாம் விளக்கிச் சொன்னேன். அன்று அந்த ஓட்டுநர் ஈரத் துவர்த்தோடு வந்ததும், பத்து நிமிடம் கேட்டதும் சரியே. அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருந்தால் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருப்போம். “மிதிச்சு மிதிச்சு அடியும்” என்று சொன்ன குரல்தான் பெட்ரோலை வழியச் செய்து வண்டியை அடியோடு முடக்கியது. தமக்கை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த மனுஷனுக்குத் தெரியும், இல்லையா? தெரிஞ்சும் அப்பா சொன்னதுக்காகத்தான் மிதிச்சாரு” என்றார்.

அந்த ஓட்டுநரின் பெயர் எங்கள் இருவருக்கும் நினைவில்லை. அவருக்குக் கொடுக்காமல் விட்ட பாதி வாடகையை இனித் திருப்பிக் கொடுக்க வழியுமில்லை. அலுவலகம் முடிந்து பழவங்காடி வழியே நடந்து செல்லும் மாலைகளில், சில வேளைகளில் பழைய கார் ஒன்று முன்மூடியைத் தூக்கிக்கொண்டு கோயிலருகே நிற்பதைக் காண்கிறேன். பின்னிருக்கையில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அருகில் சென்று, “பத்து நிமிடம் பொறுங்கள், வண்டியில் குற்றமில்லை” என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் நான் நகர்கிறேன்.